புதுக் கணினியில் விண்டோஸ் ஏறாவிட்டால்

பாகங்களை வாங்கிப் பூட்டிய புதுக் கணினியில் இயங்குதளம் ஏற மறுத்தால், அது எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பதைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். நின்ற இடம் தெரிந்தால் காரணம் பாதி பிடிபட்டுவிடும். பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவில் வாங்கிய பாகத்தை மாற்றிவர ஹட்டன்காரருக்கு ஒரு முழுநாள் வேண்டும். பஸ் ஏறுவதற்கு முன் பிழை அந்தப் பாகத்தில்தானா என்று வீட்டிலேயே பார்த்துவிடுவது நல்லது.

திரையில் எதுவுமே வராவிட்டால் விண்டோஸைக் குறைசொல்லிப் பயனில்லை. ரேமைக் கழற்றி, 'டக்' என்று பூட்டு விழும்வரை அழுத்திப் பொருத்த வேண்டும். பழைய ரேம் என்றால் ஈரப்பதத்தில் அதன் பொன்னிறத் தொடுமுனைகள் மங்கியிருக்கலாம். வெள்ளை அழிறப்பரால் மெதுவாகத் தேய்த்தால் சரியாகிவிடும். பிராசஸருக்கான தனி மின்வயரைச் செருக மறப்பதும், கிராபிக்ஸ் கார்டு இருக்கும்போது திரையின் வயரை மதர்போர்டில் மாட்டுவதும் அடிக்கடி நடப்பவை.

அடுத்தது பென் டிரைவ். அது 8 ஜிபியாவது இருக்க வேண்டும். ஃபேட்32 முறையில் 4 ஜிபியைத் தாண்டிய கோப்பு நிற்காது. விண்டோஸின் முக்கியக் கோப்பு பெரும்பாலும் அதைவிடப் பெரியது. ஆகவே வெறுமனே பிரதி எடுக்காமல், மைக்ரோசாப்டின் மீடியா கிரியேஷன் டூல் அல்லது ரூஃபஸ் கொண்டு தயாரிப்பதே சரி. போன் டேட்டாவில் இறக்கிய கோப்பு இடையில் அறுந்து பழுதாகியிருக்கலாம். மைக்ரோசாப்ட் தரும் ஷா-256 எண்ணுடன் ஒப்பிட்டால் உண்மை தெரியும். எல்லாம் சரியாக இருந்தும் பென் டிரைவ் தொடங்காவிட்டால், கணினியைப் போட்டதும் அசுஸ் போர்டில் எஃப்8, எம்எஸ்ஐயில் எஃப்11, கிகாபைட்டில் எஃப்12 அழுத்தி அதைத் தெரிவு செய்யலாம்.

'இந்தக் கணினியில் விண்டோஸ் 11 இயங்காது' என்று வந்தால், பயோஸில் டிபிஎம் 2.0, செக்யூர் பூட் இரண்டையும் பார்க்க வேண்டும். டிபிஎம் இன்டெல் போர்டில் பிடிடி என்றும், ஏஎம்டி போர்டில் எஃப்டிபிஎம் என்றும் இருக்கும். பிராசஸரே பழையது என்றால் லினக்ஸ் மின்ட் நல்ல மாற்று. விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 ஒக்டோபர் 14இல் முடிந்துவிட்டது.

டிஸ்க் தெரியவில்லை என்றால், அது பயோஸில் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். அங்கும் இல்லாவிட்டால் கோளாறு பொருத்தியதில் அல்லது டிஸ்கில். பயோஸில் தெரிந்து விண்டோஸில் தெரியாவிட்டால், 11ஆம் தலைமுறை முதலான இன்டெல் கணினிகளில் விஎம்டி அமைப்பு காரணமாக இருக்கலாம். அதற்கான டிரைவரைப் பென் டிரைவில் வைத்து 'லோட் டிரைவர்' கொடுத்தால் டிஸ்க் தோன்றும். பழைய டிஸ்கில் எம்பிஆர் பிழை காட்டினால் பகுதிகளை அழித்து ஜிபிடிக்கு மாற்ற வேண்டும். அழித்தால் உள்ளே இருக்கும் படங்களும் போய்விடும், முதலில் பிரதி எடுக்க வேண்டும்.

விண்டோஸ் கோப்புகள் பிரதியாகும்போது பாதியில் நின்று, 80070570 என்று முடியும் பிழை எண் வந்தால், பழுதான கோப்பு அல்லது ரேமைச் சந்தேகிக்கலாம். பயோஸில் ரேமின் வேகத்தைக் கூட்டும் எக்ஸ்எம்பியை நிறுத்தி, ஒவ்வொரு ரேமாகப் போட்டு முயல வேண்டும். ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86ஐ இரவு முழுவதும் ஓடவிடலாம்.

இடிமழையில் கரண்ட் போய் வேலை நின்றால், பகுதிகளை அழித்து மறுபடி தொடங்கினால் பெரும்பாலும் போதும். ஆனால் பயோஸை மேம்படுத்தும்போது கரண்ட் போனால் மதர்போர்டே செயலிழக்கலாம். யுபிஎஸ் இல்லாமல் அதைத் தொடக்கூடாது.

முதல் ரீஸ்டார்ட்டுக்குப் பிறகு பழைய திரையே திரும்ப வந்தால் பென் டிரைவைக் கழற்றிவிட வேண்டும். கடைசியில் வைஃபை டிரைவர் இல்லாமல் இணையம் கேட்டு நின்றால், போனை யுஎஸ்பி வயரால் இணைத்து 'டெதரிங்' போட்டால் பெரும்பாலும் மிச்ச வேலை முடிந்துவிடும்.