மகள் எந்தப் பாடத்தைப் படிப்பது?

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் படியில் இறங்கும்போது, கடை வைத்திருக்கும் சகோதரர் ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மௌலவி, மகளுக்குப் பேராதனைக் கலைப்பீடம் கிடைத்திருக்கிறது. சமூகவியல் எடுத்து இனம், இனத்துவம் பற்றிப் படிக்கப் போகிறேன் என்று நிற்கிறாள். இனச் சண்டையால் நாங்கள் பட்டது போதாதா? அதைப் படிக்கவும் வேண்டுமா?"

"நானா, பட்டவர்கள்தான் அதைப் படிக்க வேண்டும்" என்றேன். அவர் முகத்தில் திருப்தி இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

மனிதர்களைச் சமூகங்களாகவும் கோத்திரங்களாகவும் ஆக்கியது ஒருவரையொருவர் அறிந்து கொள்வதற்காகவே என்று ஸூரத்துல் ஹுஜுராத் போதிக்கிறது. அறிவதற்குக் கல்வி வேண்டும். காழியாகவும் பணியாற்றிய இப்னு கல்தூன் 1377 இல் 'முகத்திமா'வை எழுதியபோது, 'அஸபிய்யா' எனும் குழுப்பற்று அரசுகளை எப்படி எழுப்புகிறது, எப்படி வீழ்த்துகிறது என்று ஆராய்ந்தார். ஆகவே இந்தக் கல்வி நமக்கு அந்நியமானதல்ல.

நமது கண்டியையே எடுத்துக்கொள்வோம். கம்பளையில் பள்ளிவாசலைக் கடந்து பெரஹர மேளத்துடன் செல்லலாமா என்ற வழக்கு உயர் நீதிமன்றம் வரை சென்றது. 1915 பெப்ரவரியில் தீர்ப்பு வந்தது. அதே ஆண்டு மே 28 வெசாக் இரவில் கண்டியில் மூண்ட கலவரம் சில நாட்களில் பல மாகாணங்களுக்குப் பரவியது. மேளம் மட்டுமா காரணம்? வியாபாரப் போட்டி, யுத்தகால விலைவாசி, மத எழுச்சிப் பிரசாரம், குடியேற்ற ஆட்சியின் போக்கு எனப் பலவற்றை ஆய்வாளர்கள் காட்டுகின்றனர்.

2018 மார்ச்சில் திகனையில் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் எரிந்தன. முஸ்லிம் இளைஞர் சிலரால் தெல்தெனியவில் தாக்கப்பட்ட சிங்கள லொறிச் சாரதி ஒருவர் இறந்ததை அடுத்து அது மூண்டது. ஒரு சிலரின் குற்றம் எப்படி ஒரு சமூகத்தின் குற்றமாக மாற்றப்படுகிறது? முகநூல் வதந்திக்கு அதில் என்ன பங்கு? இவையெல்லாம் பாடங்களே.

இதற்கு முன்னோடிகளும் பேராதனையில் இருந்தார்கள். அங்கு விரிவுரையாளராக இருந்த எஸ்.ஜே. தம்பையா, 1956 இல் மாணவர்களுடன் கல்லோயாவில் கள ஆய்வில் இருந்தபோது கலவரத்தை நேரில் கண்டார். பிற்காலத்தில் உலகம் அறிந்த மானிடவியலாளரான அவர், 1996 இல் வெளியான தமது நூலில் 1915 கலவரத்தையும் ஆராய்ந்தார். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றினர். அம்மக்களின் நிலையைப் பேராதனைப் புவியியல் பேராசிரியர் ஹஸ்புல்லாஹ் பல்லாண்டுகள் ஆவணப்படுத்தினார். அவர் 2018 இல் காலமானார். அல்லாஹ் அவருக்கு மஃபிரத் செய்வானாக. 1982 இல் உருவான இனத்துவக் கற்கைகளுக்கான சர்வதேச நிலையமும் கண்டியில் இயங்கியது.

நாம் எழுதாவிட்டால் என்ன நடக்கும்? சோனகர் இனத்தால் தமிழரே என்று பொன்னம்பலம் இராமநாதன் 1888 இல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். அடுத்த ஆண்டு, 1889 இல், சட்டநிரூபண சபையில் முஸ்லிம்களுக்குத் தனி உறுப்பினர் நியமிக்கப்பட்டார். ஆயினும் அந்தக் கட்டுரைக்கு ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் விரிவான மறுப்பை வெளியிட்டது 1907 இல்தான். இடையில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள்! நம்மைப் பற்றிய நூலை மற்றவர் எழுத, நாம் வாசகர்களாக மட்டும் இருந்தோம்.

ஒரு நிபந்தனை உண்டு. மற்றவர் குறையைத் தேடும் ஆயுதமாக இக்கல்வியைக் கொள்ளக்கூடாது. அஸபிய்யாவின் பக்கம் அழைப்பதை நபி (ஸல்) அவர்கள் கண்டித்தார்கள். சிங்களம் நன்கறிந்து, பக்கத்துக் கிராமத்து மக்களின் அச்சத்தையும் கேட்டு எழுத வேண்டும். நம்மிடையே நிலவும் ஊர்ப் பெருமை, குடும்பப் பெருமை, ஜமாஅத் பிரிவினை ஆகியவற்றையும் அதே தராசில் நிறுக்க வேண்டும்.

மருத்துவம் போல உடனே தொழில் தரும் படிப்பு இதுவல்ல. அதை மறைக்கத் தேவையில்லை. ஆயினும் ஆசிரியப் பணி, நிர்வாக சேவைப் போட்டிப் பரீட்சை, ஊடகம், ஆய்வு என்று வழிகள் உண்டு.

அந்தச் சகோதரருக்கு நான் சொல்வது இதுதான்: உங்கள் மகளைத் தடுக்காதீர்கள். அடுத்த முறை ஒரு வதந்தி ஊருக்குள் நுழையும்போது, "பொறுங்கள், விசாரிப்போம்" என்று ஆதாரத்தோடு சொல்லக்கூடிய ஒருவர் நம் வீட்டில் இருக்கட்டும். வல்ல அல்லாஹ் பயனுள்ள கல்வியைத் தருவானாக. ஆமீன்.