சித்தப்பாவின் கார்டு

"காட்டுப்பள்ளியில துறைமுகமே இருக்கே, வேலைக்கு என்ன குறை?" என்று சொந்தக்காரர்கள் கேட்பார்கள். எங்கள் வீட்டில் மூன்று பேர் வேலைக்குக் காத்திருக்கிறார்கள் நண்பர்களே!

வேலையில்லாதவர்களுக்குத் தமிழக அரசு 2006 முதல் உதவித்தொகை தருகிறது. மாதம் பத்தாவது ஃபெயிலுக்கு ரூ.200, பாஸுக்கு 300, பிளஸ் டூவுக்கு 400, டிகிரிக்கு 600. அதுவும் 3 வருடம்தான். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து 5 வருடம் ஆகியிருக்கணும். வயது 40-க்குள் (எஸ்.சி., எஸ்.டி. என்றால் 45) இருக்கணும்.

அக்கா டிகிரி முடித்துப் பதிந்து 2 வருடம்தான் ஆகுது. பெரியப்பாவுக்கு 52. வேலை பார்த்த கம்பெனியை மூடிட்டாங்க. அந்த வயசுக்கு இதில் இடமே இல்லை.

சித்தப்பா கதைதான் பாவம். பத்தாவது பாஸ். 34 வயதில்தான் பதிந்தார். கார்டை 3 வருடத்துக்கு ஒரு முறை புதுப்பிக்கணும். கான்ட்ராக்ட் வேலைக்கு வெளியூர் போயிருந்தப்ப மறந்துட்டார். சீனியாரிட்டி போச்சு! (அரசு சில சமயம் சலுகை தரும். எப்போ வரும்னு சொல்ல முடியாது.) விடாமல் இருந்தால் 39-ல் பணம் கிடைத்திருக்கும். 38-ல் மறுபடி பதிந்தார். 5 வருடம் முடியும்போது 43. எங்களுக்கோ வரம்பு 40.

பத்தாவது படிக்கும் அண்ணன், அக்காமார்களே! மார்க் ஷீட் வாங்கும்போது பள்ளியிலேயே பதியலாம். கார்டில் புதுப்பிக்கும் மாதம் போட்டிருக்கும், பாருங்க. எங்க அக்காவோட மாதத்தை அம்மா காலண்டர் பக்கத்தில் சுவரிலேயே கரியால் எழுதி வச்சிருக்காங்க.

– 9-ஆம் வகுப்பு மாணவி