கல் எடுத்த பிறகு வரும் காய்ச்சல்

சித்திரை வெயிலில் ஆதனக்கோட்டைப் பக்கம் முந்திரித் தோப்பில் வேலை செய்கிறவர் குடிக்கும் தண்ணீரெல்லாம் வியர்வையாகவே போய்விடும். சிறுநீர் குறைந்து அடர்த்தியாகும்போது சிறுநீரகத்தில் கல் சேர வழி பிறக்கிறது. கல்லை எடுக்க இன்று நல்ல வழிகள் உண்டு. எடுத்த பிறகு வரக்கூடிய கிருமித்தொற்றைப் பற்றித்தான் வீடுகளில் பேச்சே இல்லை.

தொற்று என்றதும் ஆஸ்பத்திரியின் சுத்தத்தைச் சந்தேகிக்கிறோம். பல நேரங்களில் கிருமி கல்லுக்குள்ளேயே குடியிருக்கிறது. புரோட்டியஸ் போன்ற சில கிருமிகள் சிறுநீரிலுள்ள யூரியாவைச் சிதைத்துத் தாமே ஒருவகைக் கல்லை உருவாக்கவும் செய்கின்றன. கல்லை உடைக்கும்போது அவை வெளிப்படுகின்றன. மருத்துவருக்குப் பார்வை தெளிவாக இருக்க உள்ளே பாய்ச்சும் சலைனின் அழுத்தம் கூடினால், ரத்தத்துக்குள்ளும் புகுந்துவிடும்.

ஆகவே முதல் வேலை, ஆபரேஷனுக்குச் சில நாட்கள் முன்பே சிறுநீர் கல்ச்சர் டெஸ்ட். கையையும் உறுப்பையும் கழுவிவிட்டு, முதலில் வருவதை விட்டுவிட்டு, நடுவில் வருவதை லேபில் கொடுத்த டப்பாவில் பிடிக்க வேண்டும். டப்பாவின் உட்புறத்தில் விரல் படக்கூடாது. மணமேல்குடியிலோ பொன்னமராவதியிலோ வீட்டில் பிடித்து, வெயிலில் பஸ்ஸில் கொண்டுவந்தால் வழியிலேயே கிருமி பெருகி முடிவு தவறாகிவிடும். லேபுக்குப் போய் அங்கேயே கொடுப்பது மேல். முடிவு வர இரண்டு மூன்று நாள் ஆகும். அதற்குள் மெடிக்கலில் கேட்டு ஆன்டிபயாடிக் வாங்கி விழுங்கினால், இருக்கிற கிருமியும் டெஸ்டில் தெரியாது. கிருமி தெரிந்தால் அதற்குப் பொருந்தும் மருந்தைக் கொடுத்துவிட்டுத்தான் கல்லில் கை வைப்பார்கள். சர்க்கரை நோயாளிகளுக்குத் தொற்று அபாயம் கூடுதல் என்பதால் சர்க்கரையையும் கட்டுக்குள் கொண்டுவர வேண்டும்.

பெரிய கல்லை முதுகு வழியாகத் துளையிட்டு எடுக்கும் முறை 1976இல் ஸ்வீடனில் அறிமுகமானது. துளையிட்டதும் சீழ் வந்தால், அனுபவமுள்ள மருத்துவர் கல்லைத் தொடாமல், சீழ் வடிய ஒரு டியூப் மட்டும் வைத்து நிறுத்திவிடுவார். "கல்லை எடுக்காமலே அனுப்பிட்டாங்களே" என்று உறவினர்கள் கோபப்படலாம். அந்த மருத்துவர் எடுத்தது உயிரைக் காக்கும் முடிவு. கல்லை இன்னொரு நாள் எடுத்துக்கொள்ளலாம். எடுத்த கல்லின் ஒரு துண்டைக் கல்ச்சருக்கு அனுப்புவதும் நல்லது. சிறுநீரில் தெரியாத கிருமி அதில் தெரியக்கூடும்.

பல நாடுகளில் முதுகுத் துளை சிகிச்சை பெற்ற 5,800க்கும் மேற்பட்டவர்களிடம் நடந்த ஓர் ஆய்வில், நூற்றில் சுமார் பத்துப் பேருக்குப் பின்னர் காய்ச்சல் வந்தது. பெரும்பாலும் அது சரியாகிவிடும். சிலருக்கு ரத்தத்தில் பரவி உயிருக்கே ஆபத்தாகும். அதனால் வீட்டில் ஒரு தெர்மாமீட்டர் இருக்கட்டும். 100.4 டிகிரியைத் தொட்டாலோ, போர்த்தியும் அடங்காத குளிர்நடுக்கம் வந்தாலோ, பாராசிட்டமால் கொடுத்து விடியும்வரை காத்திருக்கக் கூடாது. மாத்திரை சூட்டைத்தான் இறக்கும். கிருமி உள்ளே வேலையைத் தொடரும். கூடவே மூச்சு வாங்குதல், பேச்சுத் தடுமாற்றம், கைகால் சில்லிடுதல், சிறுநீர் குறைதல் தெரிந்தால் நள்ளிரவானாலும் 108ஐக் கூப்பிடுங்கள். டிஸ்சார்ஜ் சீட்டையும் கல்ச்சர் ரிப்போர்ட்டையும் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள். எந்த மருந்து வேலை செய்யும் என்று மருத்துவர் நேரத்தை வீணாக்காமல் முடிவெடுக்க அவை உதவும்.

கடைசியாக, ஸ்டென்ட். சிறுநீர்க் குழாயில் வைத்து அனுப்பும் இந்த மெல்லிய டியூப் இருக்கும்வரை லேசான எரிச்சலும் சிவந்த சிறுநீரும் சகஜம். வலி போய்விட்டதே என்று அதை மறந்துவிடுகிறவர்கள் உண்டு. மாதக்கணக்கில் விட்டால் அதன்மேலேயே கல் படிந்து, கிருமி தங்கி, எடுப்பதற்கே இன்னொரு ஆபரேஷன் தேவைப்படலாம். எடுக்க வேண்டிய தேதியை மருத்துவரிடம் கேட்டு, வீட்டுக் காலண்டரில் அன்றைக்கே குறித்துவிடுங்கள்.