மரச் சாளரம்

மரச் சாளரம் என்பது நிலை, கதவு ஆகிய முதன்மை உறுப்புகள் மரத்தால் செய்யப்பட்ட சாளரம் ஆகும். வெளிச்சத்தையும் காற்றையும் கட்டிடத்துக்குள் விடுவதும், மழை, வெயில், களவு ஆகியவற்றைத் தடுப்பதும் இதன் பணிகள். அலுமினியம், யூபிவிசி ஆகியவற்றாலான சாளரங்கள் பரவலாகிவிட்ட போதிலும், தமிழ்நாட்டின் பழைய வீடுகளில் மரச் சாளரங்களே மிகுதியாக உள்ளன. புதிய வீடுகளிலும் இவை தொடர்ந்து பொருத்தப்படுகின்றன.

மரச் சாளரம் ஒன்று எவ்வளவு காலம் நிலைக்கும் என்பது மரத்தின் பெயரை மட்டும் பொறுத்தது அன்று. மரத்தின் எப்பகுதி பயன்பட்டது, நீர் எங்கே தேங்குகிறது, எந்த உலோகம் மரத்தோடு சேர்க்கப்பட்டது என்பனவும் அதனைத் தீர்மானிக்கின்றன. கடற்கரைப் பகுதிகளில் இது தெளிவாகத் தெரியும். இக்கட்டுரை, புதுப்பட்டினம், கல்பாக்கம், சதுரங்கப்பட்டினம், மாமல்லபுரம் ஆகிய ஊர்கள் அமைந்த செங்கல்பட்டு மாவட்டக் கடற்கரையை எடுத்துக்காட்டாகக் கொண்டு மரச் சாளரங்களின் தெரிவையும் சீரமைப்பையும் விளக்குகிறது.

பெயர்

தமிழில் சாளரத்துக்குப் பல பெயர்கள் உள்ளன. சிலப்பதிகாரத்தில் வரும் காலதர் என்னும் சொல், காற்று எனப் பொருள்படும் கால், வழி எனப் பொருள்படும் அதர் ஆகிய இரண்டும் சேர்ந்து உருவானது. பல கண்களை உடையது என்னும் பொருளில் பலகணி என்ற பெயர் ஏற்பட்டது. பேச்சு வழக்கில் உள்ள சன்னல், இலங்கை வழக்கில் உள்ள யன்னல் ஆகியவை போர்த்துக்கேய மொழியில் இருந்து வந்தவை.

மாமல்லபுரத்தில் உள்ள பல்லவர் காலக் கற்கோயில்களில் கூடு எனப்படும் குதிரை லாட வடிவ அணி காணப்படுகிறது. இது பண்டைய மரக் கட்டிடங்களின் சாளர வளைவைக் கல்லில் வடித்த வடிவம் எனக் கட்டிடக்கலை வரலாற்றாளர் கருதுகின்றனர்.

உறுப்புகள்

சுவரில் பதிக்கப்படும் சட்டகம் நிலை எனப்படும். இதில் இரு பக்கச் சட்டங்களும், மேல், கீழ்ச் சட்டங்களும் இருக்கும். அகலமான சாளரங்களில் நடுவிலும் ஒரு நெடுக்குச் சட்டம் உண்டு. நிலையில் கீல்களால் பொருத்தப்பட்டுத் திறந்து மூடும் பகுதி கதவு ஆகும். கதவுச் சட்டங்களுக்கு இடையே மரப் பலகை அல்லது கண்ணாடி அமையும்.

சட்டங்கள் கழுந்து, துளை முறையில் இணைக்கப்படுகின்றன. ஒரு சட்டத்தின் முனையில் செதுக்கிய கழுந்து மற்றச் சட்டத்தின் துளைக்குள் செருகப்பட்டு, மர முளையால் இறுக்கப்படும். இம்முறையில் செய்த சாளரத்தை உடைக்காமல் பிரித்து, பழுதான சட்டத்தை மட்டும் மாற்ற முடியும் என்பது குறிப்பிடத்தக்கது.

தமிழ்நாட்டுப் பழைய வீடுகளில் மேல் இரண்டு, கீழ் இரண்டு என நான்கு கதவுகள் கொண்ட சாளரங்கள் பெருவழக்கு. கீழ்க் கதவுகளை மூடி மேல் கதவுகளைத் திறந்து வைத்தால், தெருவில் செல்வோரின் பார்வை படாமல் காற்று வரும். நிலையின் மேல், கீழ்ச் சட்டங்களில் துளையிட்டு நெடுக்காக இரும்புக் கம்பிகள் செருகப்பட்டிருக்கும்.

கடற்கரைச் சூழல்

இப்பகுதியின் ஆண்டு மழையில் பெரும்பங்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரையான வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில் பெய்கிறது. காற்றோடு சேர்ந்து சாய்வாக அடிக்கும் இம்மழை, கிழக்கு, வடக்குச் சுவர்களில் உள்ள சாளரங்களையே பெரிதும் நனைக்கிறது. புயல்களின் தாக்கமும் உண்டு. 2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் மாமல்லபுரத்துக்கு அருகிலேயே கரையைக் கடந்தது. கோடையில் பிற்பகல் கடற்காற்று உப்புத் துகள்களைக் கொண்டுவருகிறது. உப்பு காற்றிலுள்ள ஈரத்தை ஈர்ப்பதால், அது படிந்த இரும்பு மழை இல்லாத நாட்களிலும் துருப்பிடிக்கிறது.

சிதைவின் காரணங்கள்

மரம் தானாக அழுகுவதில்லை. பூஞ்சைகளே அதனை அழுகச் செய்கின்றன. ஈரப்பதம் 20 விழுக்காட்டுக்குக் கீழே உள்ள மரத்தில் இவை வளர்வதில்லை. எனவே, நனைந்தாலும் விரைவில் உலர்ந்துவிடும் மரத்துக்குக் கேடு குறைவு. நீர் தேங்கும் இடங்களே முதலில் சிதைகின்றன. அவை வருமாறு:

* நிலையின் கீழ்ச் சட்டமும் பக்கச் சட்டங்களும் சேரும் மூலைகள்.
* கதவின் கீழ்ச் சட்டம். இதன் அடிப்பக்கம் கண்ணுக்குப் படாததால் வண்ணம் பூசப்படாமல் விடப்படுவது வழக்கம்.
* சட்டங்களின் வெட்டுமுனைகள். மரத்தின் நுண்குழாய்கள் இங்கே திறந்திருப்பதால், நீர் பக்கங்களை விட முனைகளின் வழியே பன்மடங்கு விரைவாக உட்செல்கிறது.
* கம்பிகள் செருகப்பட்ட துளைகள்.

கடைசியாகச் சொன்னது கடற்கரை வீடுகளில் முக்கியமானது. துரு, அது உருவாகப் பயன்பட்ட இரும்பை விட இரு மடங்குக்கும் மேற்பட்ட இடத்தை எடுத்துக்கொள்கிறது. துளைக்குள் இருக்கும் கம்பி துருவேறிப் பருக்கும்போது கீழ்ச் சட்டம் வெடிக்கிறது. வெடிப்பில் நீர் இறங்குகிறது. நீர் மேலும் துருவை உண்டாக்குகிறது. இவ்வாறு கெட்ட சாளரத்தில் மரத்தைக் குறை கூறுவது பொருந்தாது.

கறையான்கள் பொதுவாகச் சுவர் வழியாக நிலையின் பின்புறத்தை அடைகின்றன. வெளிப்பக்கத்து வண்ணப்பூச்சு நன்றாக இருக்கும்போதே உட்புறம் வெறுமையாகி இருக்கக்கூடும்.

மரத் தெரிவு

மரத்தின் நடுப்பகுதியில் உள்ள முதிர்ந்த, கருநிறப் பகுதி வைரம் எனவும், அதனைச் சூழ்ந்துள்ள வெளிர்நிறப் பகுதி வெளிறு எனவும் அழைக்கப்படுகின்றன. தேக்கின் வைரத்தில் எண்ணெய்ப் பொருட்களும் டெக்டோகுயினோன் போன்ற வேதிப்பொருட்களும் இருப்பதால், அதனைக் கறையானும் பூஞ்சையும் எளிதில் தாக்குவதில்லை. அதே தேக்கின் வெளிற்றுக்கு இப்பாதுகாப்பு இல்லை. ஆகவே, வெளிறு கலந்த தேக்கை விட வைரம் பாய்ந்த வேங்கை மேலானது.

சாளரத்துக்குப் பயன்படும் மரங்களுட் சில:

* தேக்கு: குறைவாகவே சுருங்கி விரியும். இழைப்பதற்கு எளிது. இளம் வயதில் வெட்டப்படும் தோட்டத் தேக்கில் வெளிற்றின் பங்கு கூடுதலாக இருக்கும்.
* வேங்கை: உறுதியானது, நீடித்து உழைப்பது. ஈரம் பட்டால் சாயம் இறங்கிச் சுவரில் கறை படியலாம்.
* வேம்பு, பூவரசு: உள்ளூரில் கிடைப்பவை. நன்கு உலர்த்தப்படாவிட்டால் முறுக்கிக்கொள்ளும்.
* மலேசியச் சால்: வணிகப் பெயர். பல இன மரங்கள் இப்பெயரில் விற்கப்படுவதால் தரம் சீராக இருப்பதில்லை. எடை மிக்கது, நிலைகளுக்கு மிகுதியாகப் பயன்படுகிறது.

மரத்தை உலர்த்துதலும் இனத்தைத் தேர்தலுக்கு இணையாக முக்கியமானது. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐஎஸ் 287 என்னும் தரநூல், காற்றின் ஈரப்பதத்தைக் கொண்டு நாட்டை நான்கு மண்டலங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் மரத்துக்கு ஏற்ற ஈரப்பத அளவைத் தருகிறது. ஈரம் மிகுந்த மண்டலத்தில் கதவு, சாளர மரங்களுக்கு இவ்வளவு தடிப்பைப் பொறுத்து 14 முதல் 16 விழுக்காடு வரை ஆகும்.

மரம் கன அடிக் கணக்கில் விற்கப்படுகிறது. 4 அடிக்கு 4 அடி சாளரம் ஒன்றின் நிலையில், நடுச் சட்டத்தையும் சேர்த்து 20 அடி நீளச் சட்டம் வரும். சட்டத்தின் குறுக்களவு 4 அங்குலத்துக்கு 3 அங்குலம் எனில், நிலைக்கு மட்டும் சுமார் 1.67 கன அடி மரம் தேவை. இழைப்பிலும் வெட்டிலும் ஏற்படும் கழிவு இதில் அடங்காது.

பழைய சாளரங்களைச் சீரமைத்தல்

சீரமைப்பின் முதற்படி சோதனை ஆகும். கூரிய ஆணியாலோ திருப்புளியாலோ சட்டங்களின் மூலைகளில் குத்திப் பார்க்கவேண்டும். நல்ல மரத்தில் முனை இறங்காது. அழுகிய மரத்தில் எளிதாக இறங்கும். தட்டினால் வெற்றொலி எழும் இடங்களில் கறையான் தாக்கம் இருக்கலாம். பெரும்பாலும் கீழ்ப்பகுதி மட்டுமே கெட்டிருக்கும்; மேலே உள்ள மரம் உறுதியாக இருக்கும். அத்தகைய சாளரத்தை முழுவதுமாகக் கழற்றி எறிவது, இன்று அதே தரத்தில் வாங்குவதற்கு அரிதான மரத்தை இழப்பதாகும்.

அடுத்து, நீர் வரும் வழியை அடைக்கவேண்டும். மழைத்தடுப்பின் ஒழுக்கு, சுவர் வெடிப்பு போன்றவற்றைச் சரிசெய்யாமல் மரத்தை மட்டும் மாற்றினால், புதிய மரமும் அவ்வாறே கெடும். சுண்ணாம்புச் சாந்தால் கட்டிய பழைய சுவரில் நிலையைச் சுற்றி சிமெந்து பூசினால், சுவரின் ஈரம் வெளியேற வழியின்றி மரத்தை நோக்கித் திரும்பக்கூடும். அங்கே சுண்ணாம்புச் சாந்தே பொருத்தமானது.

சிதைந்த பகுதியை நல்ல மரம் வரும்வரை வெட்டி நீக்கி, அதே இன மரத்தில் செய்த துண்டை ஒட்டு வைக்கவேண்டும். புதிய துண்டின் நார் பழைய மரத்தின் நார் ஓடும் திசையிலேயே அமையவேண்டும். ஒட்டும் முகத்தை வெளிப்புறம் சரியுமாறு சாய்வாக வெட்டினால் நீர் உள்ளே தங்காது. சிறு குழிகளுக்கு எப்பாக்சிப் பசை போதுமானது. மக்கு பூசி மறைப்பது பழுது பார்த்தல் ஆகாது. அது ஈரத்தை உள்ளே சிறைப்படுத்துகிறது.

துருவேறிய கம்பிகளை வெளியே எடுத்து, துளைகளைச் சுத்தம் செய்து, துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளைச் செருகலாம். கடலுக்கு அருகில் 304 தர எஃகிலும் பழுப்புக் கறை படிவதுண்டு. மாலிப்டினம் கலந்த 316 தரம் உப்பை மேலும் நன்றாகத் தாங்கும். கீல், தாழ்ப்பாள் ஆகியவற்றுக்குப் பித்தளையும் ஏற்றது. பித்தளைக் கீலை இரும்புத் திருகாணியால் பொருத்தினால் திருகாணி விரைவில் அரிக்கப்படும்.

பழைய வண்ணப்பூச்சை நீக்கும்போது எச்சரிக்கை தேவை. வீட்டு வண்ணப்பூச்சுகளில் ஈயத்தின் அளவைப் பத்து இலட்சத்தில் 90 பங்குக்கு மிகாமல் வரையறுக்கும் விதிகள் இந்தியாவில் 2016 இல் வெளியிடப்பட்டு, 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தன. அதற்கு முந்திய பூச்சுகளில் ஈயம் இருக்க வாய்ப்புண்டு. ஈயத் தூசு குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். எனவே, பூச்சை எரித்து நீக்குவதையும் உலர்ந்த நிலையில் உப்புத்தாளால் தேய்ப்பதையும் தவிர்த்து, நனைத்துச் சுரண்டுவது நல்லது. சுரண்டிய கழிவைச் சேர்த்துக் கட்டி அப்புறப்படுத்தவேண்டும்.

புதிய வீடுகளில்

ஈரமான வெப்பப் பகுதிகளில், அறையின் தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்காவது வெளிக்காற்றுக்குத் திறந்திருக்கவேண்டும் என இந்திய தேசியக் கட்டிட விதித்தொகுப்பு கூறுகிறது. இவ்வளவு பெரிய திறப்பை மழையிலிருந்து காக்க ஆழமான மழைத்தடுப்பு தேவை. அதன் அடியில் விளிம்பை ஒட்டி ஒரு பள்ளக்கோடு இருந்தால், நீர் சுவரை நோக்கி ஓடாமல் சொட்டிவிடும். சாளரத்தின் அடித்தளம் வெளிப்புறம் சரிந்திருக்கவேண்டும்.

நிலையைப் பதிக்கும் முன்னரே அதன் எல்லாப் பக்கங்களுக்கும், குறிப்பாக வெட்டுமுனைகளுக்கும், சுவரைத் தொடும் பின்புறத்துக்கும் பாதுகாப்புப் பூச்சு இடவேண்டும். பதித்த பின் இவ்விடங்களை அடைய முடியாது. மழைக்காலத்தில் மரம் விரிவதற்கு இடமாக, கதவுக்கும் நிலைக்கும் இடையே சுமார் 2 மில்லிமீட்டர் இடைவெளி விடப்படுகிறது.

பிற பொருட்களுடன் ஒப்பீடு

யூபிவிசி உப்பால் அரிக்கப்படுவதில்லை. ஆண்டுதோறும் வண்ணம் பூசவும் வேண்டாம். ஆயினும், அதன் சட்டம் உடைந்தால் உள்ளூர்த் தச்சரால் ஒட்டு வைத்துச் சரிசெய்ய முடியாது. அலுமினியம் இலேசானது, ஆனால், தக்க மேற்பூச்சு இல்லாவிடில் உப்புக் காற்றில் அதன் மேற்பரப்பில் குழிகள் உண்டாகும். மரத்துக்குத் தொடர்ந்த பராமரிப்பு தேவை. அதற்கு ஈடாக, அதனைப் பகுதி பகுதியாகப் புதுப்பித்துக்கொள்ள முடிகிறது.

தட்சிணசித்ரா

பழைய மரவேலையின் இத்தன்மையை நேரில் காண ஏற்ற இடம், இதே மாவட்டத்தில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டில் உள்ள தட்சிணசித்ரா ஆகும். சென்னைக் கைவினை அறக்கட்டளை நடத்தும் இந்த அருங்காட்சியகம் 1996 டிசம்பரில் திறக்கப்பட்டது. இதன் வடிவமைப்பில் கட்டிடக்கலைஞர் லாரி பேக்கர் பங்காற்றினார். தமிழ்நாடு, கேரளம் முதலிய தென் மாநிலங்களில் இடிக்கப்பட இருந்த பழைய வீடுகள் பல பிரிக்கப்பட்டு, இங்கே கொண்டுவந்து மீண்டும் பொருத்தப்பட்டுள்ளன. செட்டிநாட்டு வீடும் இவற்றுள் ஒன்று.

பராமரிப்பு

ஆண்டுக்கு இரு முறை, அதாவது பருவமழைக்கு முன் செப்டம்பரிலும், மழை ஓய்ந்தபின் சனவரியிலும், சாளரங்களைப் பார்வையிடுவது போதுமானது. முதல் முறை பூச்சின் வெடிப்புகளை அடைத்து, நீர் வடியும் வழிகளைச் சுத்தம் செய்யவேண்டும். இரண்டாம் முறை கீழ்ச் சட்டங்களைக் குத்திச் சோதித்து, படிந்துள்ள உப்பை நல்ல நீரில் நனைத்த துணியால் துடைக்கவேண்டும். விரல் அளவு அழுகலைத் தொடக்கத்திலேயே நீக்கினால், ஒரு சட்டத்தையோ முழு நிலையையோ மாற்ற வேண்டிய தேவை ஏற்படாது.