படத்தைப் பக்கத்துக்குள் வைத்தவர்கள்

சென்ற வாரம் சங்கக் கூட்டம் முடிந்து விடுதிக்குத் திரும்புகையில், முதலாண்டுத் தம்பி ஒருவர் கேட்டார்: "அண்ணா, இணைய உலாவியை ஊருக்கெல்லாம் கொண்டுவந்தது எந்தக் கம்பெனி?" கம்பெனியே இல்லை, நம்மைப் போன்ற ஒரு பல்கலைக் கழகம் என்றேன். அவர் நம்பவில்லை. ஆகவே எழுதுகிறேன்.

முதல் உலாவியைச் செய்தவர் டிம் பெர்னர்ஸ் லீ. ஜெனீவாவை அடுத்த செர்ன் ஆய்வுக்கூடத்தில், 1990-இல். ஆனால் அது ஓடிய நெக்ஸ்ட் கணிப்பொறி வெகு சிலரிடமே இருந்தது. பின்னர் வந்தவற்றையும் நிறுவி ஓட்டுவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

அமெரிக்காவில் இல்லினாய் பல்கலைக் கழகத்தின் கணிப்பு மையத்தில் மார்க் ஆண்ட்ரீசன் என்ற மாணவர் பகுதி நேர வேலை பார்த்தார். வயது 21. அங்கே பணியாளராயிருந்த எரிக் பினாவைச் சேர்த்துக்கொண்டு அவர் எழுதியதே 'மொசைக்'. 1993 ஜனவரியில் சோதனைப் பதிப்பு. ஏப்ரலில் முழுப் பதிப்பு. அவ்வாண்டுக்குள்ளேயே விண்டோஸுக்கும் மாக்கின்டாஷுக்கும் உரிய பதிப்புகள்.

அதில் என்ன விந்தை? அதுவரை பக்கத்தில் படம் இருந்தால் அது பெரும்பாலும் தனிச் சாளரத்தில்தான் திறக்கும். ஆண்ட்ரீசன், எழுத்துக்கு நடுவே 'இங்கே இன்ன படம்' என்று ஒரு குறி இட்டால் போதும் என்றார். உலாவி அக்குறியைக் கண்டதும் படத்தைத் தனியே கேட்டு வாங்கி, வரிகளுக்கிடையே பொருத்திவிடும். 1993 பிப்ரவரியில் இதை மற்ற வல்லுநர்களுக்கு எழுதினார். இன்னும் பொதுவான முறை வேண்டும் என்று சிலர் வாதாடினர். அவர் காத்திருக்கவில்லை, செய்தேவிட்டார். என் ஆசிரியராயிருந்தால் கண்டித்திருப்பார்! ஆயினும் அந்த 'ஐ.எம்.ஜி.' குறிதான் இன்றும் வழங்குகிறது.

என்னைத் தைத்தது வேறொன்று. மொசைக்கை யாரும் எளிதில் இறக்கி ஓட்டலாம். குறை சொல்லி எழுதியவர்களுக்கு அவர்கள் மறுமொழி எழுதித் திருத்தியும் கொடுத்தார்கள். நானும் ஆய்வுக்கூடத்தில் நிறமாலை அளவுகளைக் கணக்கிட ஒரு நிரல் எழுதினேன். எனக்குப் பின் வந்த தம்பி மூன்று நாள் போராடினார், ஓடவில்லை. 'இவருக்குத் தெரியவில்லை' என்று எண்ணினேன். வெட்கத்தோடு சொல்கிறேன், குற்றம் என்னுடையதுதான்.

பிறகு நடந்தது சுருக்கமே. பட்டம் பெற்று வெளியேறிய ஆண்ட்ரீசன், 1994-இல் ஜிம் கிளார்க்கோடு நிறுவனம் தொடங்கினார். மொசைக் என்ற பெயரைப் பல்கலைக் கழகம் விட்டுத்தரவில்லை. நிறுவனம் 'நெட்ஸ்கேப்' ஆயிற்று. மைக்ரோசாஃப்ட் 1995-இல் வெளியிட்ட உலாவியோ உரிமம் பெற்ற மொசைக் நிரலின் மேல் எழுந்தது. மூல மொசைக்கின் பணியை மையம் 1997-இல் நிறுத்திவிட்டது.

என் நிரலை நிறுவும் முறையை இப்போது ஒரு பக்கத்தில் எழுதியிருக்கிறேன். நாளை அந்தத் தம்பி அதைப் படித்து ஓட்டிப் பார்ப்பார்; பக்கத்தில் நின்று நான் வாய் திறப்பதில்லை என்று பேச்சு.