கசடு முன்பதப்படுத்தல்

கசடு முன்பதப்படுத்தல் என்பது, உணவு ஆலைக் கழிவுநீரைத் தூய்மையாக்கும்போது தங்கும் கசட்டை, உயிரி வாயுக் கலனில் இடுமுன் நுண்ணுயிரிகள் எளிதில் செரிக்கும் நிலைக்கு மாற்றும் முறை ஆகும்.

தேவை

பால் ஆலை போன்றவற்றின் கழிவுநீரைக் காற்றூட்டித் தூய்மையாக்கும்போது, அதிலுள்ள கரிமப் பொருட்களை உண்டு பாக்டீரியாக்கள் பெருகுகின்றன. கசட்டின் பெரும்பகுதி இவையே. காற்றில்லாச் செரிமானம் நீராற்பகுப்பு, அமில உருவாக்கம், அசிட்டேட்டு உருவாக்கம், மீத்தேன் உருவாக்கம் என 4 படிகளில் நிகழ்கிறது. பாக்டீரியாக்களின் செல்சுவரும் அவற்றைப் பிணைக்கும் பசைப்பொருளும் எளிதில் சிதையாதலால், முதற்படியே மெதுவாக நடக்கிறது. முன்பதப்படுத்தல் இத்தடையை நீக்குகிறது.

முறைகள்

* வெப்பமுறை: கசடு உயர் அழுத்தத்தில் ஏறத்தாழ 160-170 பாகை செல்சியசு வெப்பநிலையில் அரைமணி நேரம் வைக்கப்படுகிறது. நோர்வேயின் ஹாமர் நகரில் 1995 இல் இம்முறை நடைமுறைக்கு வந்தது.
* வேதிமுறை: சோடியம் ஐதராக்சைடு போன்ற காரங்களோ ஓசோனோ செல்சுவரைச் சிதைக்கின்றன. சோடியம் மிகுந்தால் மீத்தேன் நுண்ணுயிரிகள் பாதிக்கப்படும்.
* இயந்திரமுறை: மீயொலியால் தோன்றும் நுண்குமிழ்கள் வெடித்துச் செல்களை உடைக்கின்றன.
* உயிரியல்முறை: நொதி சுரக்கும் பாக்டீரியாக்கள் பயன்படுகின்றன. ஆற்றல் குறைவாகவும் காலம் கூடுதலாகவும் தேவை.

தமிழகத்தில் ஆய்வுகள்

அண்ணா பல்கலைக்கழகத்தின் திருநெல்வேலி மண்டல வளாகத்தில் 2010களில் பால் ஆலைக் கசடு ஆராயப்பட்டது. வெப்பம், காரம், மீயொலி ஆகியவற்றை இணைத்தும், பசைப்பொருளை முதலில் நீக்கிப் பின்னர் பாக்டீரியாக்களால் சிதைத்தும் ஆய்வுகள் நடந்தன.

ஆற்றல் கணக்கு

முன்பதப்படுத்தலுக்குச் செலவாகும் ஆற்றல், கூடுதலாகக் கிடைக்கும் மீத்தேனின் ஆற்றலை விட மிகுந்தால் எரிவாயு கூடினும் ஆற்றல் இழப்பே மிஞ்சும். எனினும், அகற்றவேண்டிய கசட்டின் அளவு குறைவதும் கணக்கில் கொள்ளத்தக்க பயனாகும்.