தாளில் எழும் உருவங்கள்

கல்லில் செதுக்குவதையும் செம்பில் வார்ப்பதையும் சிற்பம் எனப் போற்றும் நாம், சிறார் கையில் மடியும் தாளை விளையாட்டென்றே ஒதுக்கிவிடுகின்றோம். அதுவும் நீளம், அகலம், உயரம் என்னும் மூன்றும் அமைந்த சிற்பமே.

தருமபுரி மாவட்டத்துச் சித்தேரி மலையில் மலையாளிப் பழங்குடியினர் வாழ்கின்றனர். அத்தகைய மலையூர்ப் பள்ளிகளுக்கு நாட்டு நலப்பணித் திட்ட முகாம் செல்லும் நம் மாணவர் எதனைக் கொண்டு செல்லலாம்? விலையுயர்ந்த கருவிகள் முகாம் முடிந்ததும் நம்மோடு திரும்பிவிடும். கைத்திறனோ அங்கேயே தங்கும். அதற்குப் பழைய மாத நாட்காட்டித் தாளும் கத்தரிக்கோலும் பசையும் போதும்.

முதலில் தாளின் இயல்பை உணர்த்துதல் வேண்டும். இரு நூல்களுக்கிடையே பாலம்போல் வைத்த தாள் துவண்டு விழும். அதனையே விசிறிபோல் மடித்து வைத்தால் சிறு கல்லையும் தாங்கும். மடிப்பினால் தாளுக்கு உயரம் வாய்க்கிறது. அவ்வுயரமே வளைவைத் தடுக்கிறது. கூரைத் தகரம் நெளிநெளியாக அமைந்திருப்பதும் இக்காரணம் பற்றியே.

இனி ஓர் ஆடு செய்வோம். தாளை இரண்டாக மடித்து, மடிப்பு மேற்புறம் இருக்குமாறு வைத்து, ஆட்டின் பக்கத் தோற்றத்தை வரைக. முதுகாகிய மடிப்பை விடுத்து ஏனைய ஓரங்களை வெட்டுக. தலையின் இரு பகுதிகளையும் ஒட்டிக் கால்களை அகற்றினால் ஆடு நிற்கும். மெல்லிய கீற்றைப் பேனாவின்மேல் சுருட்டி விடுவித்தால் வளைந்த கொம்பு கிடைக்கும்.

இப்பயிற்சியில் கணிதமும் உண்டு. த. சுந்தரராவ் என்பார், தாள் மடிப்பினாலேயே வடிவியல் கற்பிக்கும் ஆங்கில நூலொன்றை 1893இல் சென்னையில் வெளியிட்டார். செருமானியக் கல்வியாளர் பிரோபெல் வகுத்த மழலையர் கல்வியின் தாள்மடிப்புப் பயிற்சியே அவருக்குத் தூண்டுகோலாயிற்று. கவராயமின்றி ஐங்கோணமும் அறுகோணமும் அமைக்கும் வழியை அவர் காட்டினார். அந்நூல் 1901இல் சிகாகோவிலும் பதிப்பிக்கப்பெற்றது.

சிறுவன் செய்த ஆடு சாயுமாயின் நாம் திருத்திவிடல் ஆகாது. ஏன் சாய்ந்தது என வினவினால், கால்களை இன்னும் அகற்றவேண்டும் என்பதை அவனே கண்டுகொள்வான். ஆட்டின் நிலையையும் நடையையும் மலைச் சிறார் நம்மினும் நன்கறிவர். அவ்வகையில் அங்கு நாமும் மாணவரே. முகாமுக்குப் புறப்படுவோர், சுவரிலிருந்து இறக்கிய சென்ற ஆண்டு நாட்காட்டியை மறவாது எடுத்துச் செல்வாராக.